தையல் வெட்டியாச்சு, காயம் ஆறியாச்சா?
ஒப்பரேஷன் தழும்பைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டியவை



நம்ம லயங்களில் ஒப்பரேஷன் செய்து வந்தவர் ஒருவராவது இல்லாத வரிசை இன்று அபூர்வம். சிசேரியன் செய்து பிள்ளை பெற்ற தாய், எல்.ஆர்.டி. செய்துகொண்ட அக்கா, குடல்வால் வெட்டிய பையன், ஹெர்னியாவுக்கு ஒப்பரேஷன் செய்த ஐயா என்று எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். ஒப்பரேஷனை டாக்டர்மார் கவனமாகச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். நுவரெலியாவாக இருந்தாலும், டிக்கோயா, நாவலப்பிட்டி, பதுளையாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் நாம் இருப்பது சில நாள்தான். அதன்பிறகு அந்தக் காயம் ஆறுவது நம்ம காம்பராவிலேதான்.

ஏழு, எட்டு நாள் போனதும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்த் தையல் வெட்டிக்கொண்டு வருகிறோம். வெளியே பார்த்தால் காயம் மூடியிருக்கும். உடனே வீட்டில் சொல்லும் பேச்சு என்ன? "தையல் வெட்டியாச்சு, இனி என்ன? அடுத்த கிழமை மலைக்குப் போகலாம்." இந்தப் பேச்சில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. தையல் வெட்டிய நாள் காயம் ஆறி முடிந்த நாள் இல்லை. தழும்பு முழுசாகப் பக்குவப்பட ஒரு வருஷம் வரை ஆகும். அந்த ஒரு வருஷத்தில் அது எப்படி மாறுகிறது, நாம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை இங்கே சொல்கிறோம்.

தழும்பு என்றால் என்ன?

நம்ம தோலில் மேல் தோல், அடித்தோல் என்று இரண்டு பகுதி உண்டு. கொழுந்து எடுக்கும்போது தேயிலை வாது கையில் கீறினால் சில நாளில் தடம் தெரியாமல் மறைந்துவிடும். மேல் தோல் மட்டும் கீறியதால் அது தானாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. வெட்டு அடித்தோல் வரை போனால் உடம்பால் பழைய மாதிரியே தோலைச் செய்ய முடியாது. அந்த இடைவெளியைக் கொலாஜன் என்ற நாரைக் கொண்டு நிரப்பி அடைக்கிறது. அப்படி அடைத்த இடம்தான் தழும்பு.

கிழிந்த சாக்கை நாம் தைப்பதை நினைத்துப் பாருங்கள். சாக்கின் நெசவு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். நாம் ஊசி போட்டு இழுத்த இடத்தில் நூல் ஒரே பக்கமாக ஓடும். சாக்கு பாரம் தாங்கும், ஆனால் தைத்த இடம் கொஞ்சம் விறைப்பாக, தடிப்பாக இருக்கும். தழும்பும் அப்படித்தான். அதில் முடி முளைக்காது, வியர்வை வராது, தொட்டால் உணர்ச்சியும் வேறு மாதிரி இருக்கும். இது நோய் இல்லை. உடம்பு தன்னைத் தானே தைத்துக்கொண்ட அடையாளம்.

காயம் எப்படி ஆறுகிறது?

இதை மூன்று கட்டமாக விளங்கிக்கொள்ளலாம்.

முதல் கட்டம் முதல் நாலைந்து நாள். இரத்தம் உறைந்து, வெட்டின இடம் கொஞ்சம் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கும். இது உடம்பு செய்யும் சுத்திகரிப்பு வேலை. தைத்த காயத்தின் மேல் தோல் இரண்டு நாளிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது கட்டம் ஏறக்குறைய மூன்று கிழமை வரை. சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் புதிதாக வளரும், கொலாஜன் நார் வந்து சேரும். இந்த நாளில் தழும்பு சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும்.

மூன்றாவது கட்டம் அதற்குப் பிறகு ஒரு வருஷம் வரை, சிலருக்கு ஒன்றரை வருஷம் வரை. இந்த நாளில் உடம்பு பழைய நாரைக் கரைத்து, புது நாரைப் போட்டு, பலமாகப் பின்னிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் தழும்பு தடித்து, இறுகி, அரிப்பது உண்டு. பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது மெதுவாக இளகி, தட்டையாகி, நிறமும் குறைந்துவிடும்.

இனி முக்கியமான கணக்கு. வெட்டுப்படாத தோலின் பலத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழமையில் காயத்தின் சொந்தப் பலம் ஏறத்தாழ 3. மூன்று கிழமையில் 20 முதல் 30. மூன்று மாதத்தில் 80 வரை போகும். அதற்கு மேல் எத்தனை வருஷம் போனாலும் முழு 100 வருவதில்லை. வயிற்றுத் தையல் வெட்டுவது ஏழு முதல் பத்து நாளில். அந்த நேரத்தில் காயத்துக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது!

இதைக் கேட்டுப் பயந்து பாயிலேயே படுத்துவிட வேண்டாம். வயிற்றைத் திறந்து செய்யும் ஒப்பரேஷனில் தோலுக்கு அடியில் இன்னும் பல படைகள் உண்டு. அவற்றை டாக்டர் மெதுவாகக் கரையும் நூலால் தனித்தனியாகத் தைத்திருப்பார். அந்த உள் தையல் பல கிழமை பிடித்து வைத்திருக்கும். அதனால் நடக்கலாம், குளிக்கலாம், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கலாம். கனமான பாரம் மட்டும் தூக்கக் கூடாது. மெதுவாக நடப்பது நல்லதும்கூட. அசையாமல் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையப் பார்க்கும்.

முதல் இரண்டு கிழமை

காயத்தைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கட்டை எப்போது அவிழ்ப்பது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், அதன்படி நடக்க வேண்டும். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இரண்டு நாளுக்குப் பிறகு சுத்தமான தண்ணீரில் குளிக்கலாம். காயத்தைத் தேய்க்கக் கூடாது. தண்ணீரை மேலே ஓடவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஆற்றிலும் பீலியடியிலும் வயிறு முழுக நின்று குளிப்பது காயம் நன்றாக ஆறும்வரை வேண்டாம்.

நம்ம பக்கத்தில் பெரிய பிரச்சினை ஈரம். மழையும் பனியும் உள்ள நாளில் துணி காய்வதில்லை. அரை ஈரமான பாவாடையை உடுத்தினால் காயம் ஊறிப்போகும். நன்றாகக் காய்ந்த துணியை மட்டும் உடுத்துங்கள். இஸ்திரி போட முடிந்தால் போடுங்கள். சிசேரியன் வெட்டு அடிவயிற்று மடிப்பில் இருப்பதால் அங்கே வியர்வை தேங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மல்லாந்து படுத்து, மடிப்பை விலக்கி, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு, கொஞ்ச நேரம் காற்றுப் படவிடுங்கள். இறுக்கமான பாவாடை நாடா வெட்டின இடத்தில் அழுத்தாமல் அதற்கு மேலே கட்டுங்கள்.

இருமும்போதும் தும்மும்போதும் சின்னத் தலையணை ஒன்றை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டால் நோவு குறையும், தையலும் இழுபடாது. படுக்கையிலிருந்து நேராக எழும்பாமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கினால் காயத்துக்குத்தான் பாரம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாயி, அப்பாயிமார் அன்போடுதான் வைத்தியம் சொல்கிறார்கள். ஆனால் ஒப்பரேஷன் காயத்தில் சாம்பல், கோப்பித்தூள், தேயிலைத்தூள், மஞ்சள் அரைப்பு, பச்சிலைச் சாறு, பற்பசை எதுவும் போட வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலி நோயின் கிருமி உண்டு. காயத்துக்குள் அது போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் தந்த மருந்து மட்டும் போதும். கிருமிக்கு எதிரான குளிசை தந்திருந்தால் நோவு நின்றதும் நிறுத்தாமல், தந்த எல்லாவற்றையும் குடித்து முடியுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிக் குடிக்காதீர்கள்.

பீடி, சிகரட், புகையிலை காயத்துக்கு விரோதி. அவற்றில் உள்ள நிக்கொட்டின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காயத்துக்குப் போக வேண்டிய இரத்தம் குறையும். சீனி வியாதி உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் இலகு. அவர்கள் சீனி மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

கீழே சொல்லும் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய நோவு கூடிக்கொண்டே போவது. காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவி, தொட்டால் சூடாக இருப்பது. சீழ், கெட்ட வாடை. காய்ச்சல், குளிர் நடுக்கம். காயம் வாய் பிளப்பது. தையல் இடத்திலிருந்து திடீரென்று நிறையத் தண்ணீர் போலவோ இரத்தமாகவோ கசிவது. பிள்ளை பெற்ற தாய்க்கு அடிவயிற்றில் கடும் நோவு, கெட்ட வாடையுள்ள வெள்ளை, அதிக இரத்தப்போக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீரென்று மூச்சு முட்டுவது.

ராத்திரி நேரம், வாகனம் இல்லை என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு டெலிபோன் எடுத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வரும் பாதை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ரோட்டுச் சந்தியில் ஒருவரை நிறுத்தி வைத்தால் நேரம் மிச்சமாகும்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி வேண்டாம்

"முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் சாப்பிட்டால் காயம் பழுக்கும், பருப்பு வாயு" என்று சொல்லி, ஒப்பரேஷன் செய்து வந்த பெண்ணுக்கு வெறும் சோறும் ரசமும் கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையால் இல்லை. கொலாஜன் நாரை உடம்பு எதைக் கொண்டு செய்யும்? நாம் சாப்பிடும் புரதத்தைக் கொண்டுதான். கூடவே விட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் நார் உறுதியாகப் பின்னாது.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1740ஆம் ஆண்டு ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல்கள் உலகத்தைச் சுற்றிப் புறப்பட்டன. பல மாதம் பழமும் கீரையும் இல்லாமல் போனதில் மாலுமிகளுக்கு ஸ்கேர்வி என்ற நோய் வந்தது. விட்டமின் சி குறைவதால் வரும் நோய் அது. அதில் ஒரு மாலுமி 1690ஆம் ஆண்டு அயர்லாந்தில் பொய்ன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் காயப்பட்டவர். ஐம்பது வருஷத்துக்கு முன் ஆறிப்போன அந்தக் காயம் கப்பலில் மறுபடி வாய் திறந்துகொண்டது என்று அந்தப் பயணத்தைப் பற்றிய நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். தழும்பு என்பது செத்த தோல் இல்லை, உடம்பு அதை நாளும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையா?

நம்மால் வாங்கக் கூடியதே போதும். பருப்பு, கவ்பி, கடலை, நெத்தலிக் கருவாடு, முட்டை, கிடைத்தால் மீன், கோழி. விட்டமின் சிக்குக் கொய்யா, தோடை, நெல்லி, தேசிக்காய். லயத்துக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் முளைக்கும் கீரையும் முருங்கையிலையும் உண்டு. கிளினிக்கில் திரிபோஷா கொடுத்தால் அதைத் தாய்தான் சாப்பிட வேண்டும், வீடு முழுக்கப் பங்கு வைக்கக் கூடாது. இன்னுமொன்று, சோற்றோடு சேர்த்தும் சாப்பிட்ட கையோடும் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். தேயிலையோடு வாழ்கிற நமக்கு இது கஷ்டம்தான். ஆனாலும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

பேரா, உடம்பா?

இப்போது நம்ம எல்லோருக்கும் வலிக்கும் விஷயத்துக்கு வருகிறோம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. கடைக் கடன் நிற்கிறது. அதனால் ஆறாத வயிற்றோடு பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்கும் பெண்களை நாம் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணக்கைச் சரியாகப் பார்க்கத்தான் சொல்கிறோம்.

மழை நாளில் ஈரக் கொழுந்து நிறைந்த கூடையின் பாரம் உங்களுக்கே தெரியும். அந்தப் பாரத்தோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். உள் தையல் போட்ட படை அந்த அழுத்தத்தில் மெல்ல விலகினால், குடல் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கித் தோலுக்கு அடியில் வந்துவிடும். இதுதான் வெட்டின இடத்தில் வரும் ஹெர்னியா. இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ தழும்புப் பக்கத்தில் உருண்டையாகத் தள்ளும், படுத்தால் உள்ளே போகும். இதற்கு மறுபடி ஒப்பரேஷன் வேண்டும். மறுபடியும் பல கிழமை வேலை இல்லை. இரண்டு கிழமைப் பேருக்கு ஆசைப்பட்டு அதைவிட அதிகமான பேரை இழப்பது நட்டம்தானே?

பிதுங்கிய உருண்டை உள்ளே போகாமல் இறுகி, கடுமையாக நொந்து, வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அது அவசரம். ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

சிசேரியன் செய்த தாய் ஆறு கிழமைக்குத் தன் பிள்ளையின் பாரத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, விறகுக் கட்டு, அரிசி மூட்டை எல்லாம் இதில் அடங்கும். இந்த ஆறு கிழமையும் வீட்டு ஆண்கள் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தால் அதுவே பெரிய மருந்து. ஹெர்னியா ஒப்பரேஷன் செய்த ஆண்களும் உர மூட்டை தூக்குவதையும் கவ்வாத்து வெட்டுவதையும் டாக்டர் சொன்ன நாள் வரை தள்ளி வையுங்கள். எல்.ஆர்.டி. வெட்டு சின்னதுதான். ஆனால் அதற்கும் டாக்டர் சொன்ன ஓய்வு வேண்டும்.

பிரசவ லீவு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறைவாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் வந்த திருத்தச் சட்டத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம், அதாவது 84 நாள் உரிமை உண்டு. அந்த லீவு முடியும் முன் வேலைக்கு வர வேண்டாம். மற்ற ஒப்பரேஷன்களுக்கு ஆஸ்பத்திரியில் தரும் லீவுத் துண்டை ஒப்பீசில் கொடுங்கள். திரும்பி வரும்போது சில நாள் பாரமில்லாத வேலை வேண்டுமென்றால் அதையும் டாக்டரிடம் துண்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். துண்டு கையில் இருந்தால் துரையிடமும் கங்காணியிடமும் பேசுவது எங்களுக்கும் இலகு.

வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு கவனம். இடுப்பில் கட்டும் படங்கின் கயிறு சரியாகச் சிசேரியன் தழும்பின் மேல் உரசும். கயிற்றுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள், அல்லது கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டுங்கள். படங்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் முதலில் உடுப்பை மாற்றுங்கள்.

காயம் மூடிய பிறகு தழும்பைப் பார்த்துக்கொள்வது

தையல் வெட்டி இரண்டு மூன்று கிழமை போய், பொருக்கு எல்லாம் தானாக விழுந்து, எங்கும் திறந்த இடம் இல்லை என்றால் தழும்பை நீவிவிடத் தொடங்கலாம். முதலில் டிஸ்பென்சரியில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். கையைக் கழுவி, கொஞ்சம் தேங்காயெண்ணெயோ வசிலினோ தொட்டு, விரல் நுனியால் தழும்பின் மேல் சின்ன வட்டமாக ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை. நோவு வரும்படி அழுத்த வேண்டாம். இதனால் தோல் வறண்டு அரிப்பது குறையும், இறுகிய தழும்பு கொஞ்சம் இளகும். பொருக்கை நகத்தால் பிய்க்க வேண்டாம்.

வெளியில் தெரியும் தழும்பு, அதாவது முகம், கழுத்து, கையில் உள்ளது, வெயில் பட்டால் கறுத்து அப்படியே நின்றுவிடும். நம்ம பக்கம் குளிர்தான், ஆனால் உயரமான இடத்தில் தோலைக் கறுக்க வைக்கும் கதிர் கூடுதலாகவே விழும். ஒரு வருஷத்துக்குச் சட்டைக் கையாலோ துணியாலோ மறைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பு தடித்து வளர்ந்தால்?

தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெட்டின கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்பது. இது ஒன்றிரண்டு மாதத்தில் தெரிய ஆரம்பித்து, ஒரு வருஷம் போகும்போது பெரும்பாலும் தானாக அமரும். மற்றது, வெட்டின எல்லையைத் தாண்டி நண்டுக் கால் மாதிரிப் பக்கத்துத் தோலிலும் பரவுவது. இதற்குக் கீலொயிட் என்று பெயர். இது தானாக அமராது. நெஞ்சு, தோள், காதுமடல் ஆகிய இடங்களில்தான் அதிகம். காது குத்திய இடத்தில் கொட்டை மாதிரி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுதான். நம்மைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் இளம் வயதுக்காரர்களுக்கும் கூடுதலாக வரும். சில குடும்பங்களில் தலைமுறையாகவும் வரும்.

இது புற்றுநோய் இல்லை, மற்றவருக்குத் தொற்றாது, யாரும் செய்த செய்வினையும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் இதற்கு வைத்தியம் உண்டு. தழும்புக்குள்ளேயே ஊசி மருந்து போட்டுக் கரைப்பார்கள், சிலிக்கன் தகடு ஒட்டுவார்கள், அழுத்தக் கட்டுப் போடுவார்கள். பல மாதம் பொறுமையாகப் போய்வர வேண்டும். வெறுமனே வெட்டி எடுத்தால் முந்தியதைவிடப் பெரிதாக வளரக் கூடும். அதனால் வீட்டில் பிளேட்டால் வெட்டுவது, நூலால் கட்டுவது, சுண்ணாம்பு, சேங்கொட்டை வைத்துச் சுடுவது எதுவும் வேண்டவே வேண்டாம். முன்பு கீலொயிட் வந்தவர்கள் புதிதாக ஒப்பரேஷன் செய்யும் முன் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தழும்பு

சிசேரியன் செய்த தாயின் கர்ப்பப்பையிலும் ஒரு தழும்பு இருக்கிறது. அடுத்த பிள்ளையின்போது விரிந்து பாரம் தாங்க வேண்டியது அதுதான். அதனால் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். மறுபடி கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே குடும்பநல மாதுவிடம், "எனக்கு முன்பு சிசேரியன் செய்தது" என்று சொல்லுங்கள். பிரசவம் ஒப்பரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தழும்புப் பக்கம் விடாத நோவோ இரத்தமோ கண்டால் உடனே போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் என்ன ஒப்பரேஷன், எப்படி வெட்டினார்கள் என்று எழுதியிருக்கும். அதை அடுப்புப் புகையும் மழை ஒழுக்கும் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு வையுங்கள். பத்து வருஷம் கழித்தும் அது தேவைப்படும்.

பலர் எங்களிடம் கேட்பவை

"ஐயா, தழும்பைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கிறதே?" என்று அக்காமார் கேட்பார்கள். வெட்டும்போது தோலில் உள்ள சின்ன நரம்புகளும் வெட்டுப்படும். அவை வளர மாதக்கணக்காகும். சிலருக்குக் கொஞ்ச இடம் மரத்தபடியே நிற்கும். அதனால் ஆபத்தில்லை. அந்த இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

"குளிர் நாளில் தழும்பு இழுக்கிறதே?" என்பது இன்னொரு கேள்வி. பலருக்கும் அப்படி உண்டு. கம்பளியால் மூடிச் சூடாக வைத்திருங்கள். நோவு கூடினாலோ உருண்டை தெரிந்தாலோ காட்டுங்கள்.

"பழைய தழும்பில் புண் வந்தால்?" வருஷக்கணக்கான தழும்பில், முக்கியமாகச் சுட்ட தழும்பில், ஆறாத புண் வந்து பல கிழமை நின்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். அபூர்வமாக அது புற்றாக மாறுவது உண்டு. ஆரம்பத்தில் கண்டால் வைத்தியம் செய்யலாம்.

இன்னொன்று வாய் திறந்து கேட்கப்படுவதில்லை, முகத்தில் தெரியும். "வயிறு அசிங்கமாகப் போயிட்டுதே" என்று சில தங்கச்சிமார் மனம் நொந்து, கிளினிக்கில்கூடக் காட்ட வெட்கப்படுகிறார்கள். புருஷன்மார் இங்கேதான் துணை நிற்க வேண்டும். உங்கள் பிள்ளை உயிரோடு வந்த வழி அது. கேலியாக ஒரு வார்த்தை சொன்னால் அவள் காயத்தை மறைப்பாள், மறைத்த காயம் சீழ் பிடிக்கும். "நல்லா ஆறுதா, காட்டு பார்ப்போம்" என்று நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒப்பரேஷன் செய்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஆறு கிழமை எண்ணி இன்னொரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வரும்வரை வீட்டில் பாரம் தூக்குவது மற்றவர்கள் வேலை. சந்தேகம் எதுவானாலும் தோட்டத்து டாக்டரையாவிடமோ, குடும்பநல மாதுவிடமோ, நலன்புரி ஒப்பீசில் எங்களிடமோ வந்து கேளுங்கள். கேட்பதற்குப் பேர் வெட்ட மாட்டார்கள்!